கஜேந்திரன் புகைந்த வருடங்கள்

திரைப்பட இயக்குநர் மதுரனின் தம்பி கஜேந்திரன் பதினோரு வருடம் புகைந்தான். தீ இல்லை, சூடும் இல்லை. தோளிலிருந்தும் தலைமயிரிலிருந்தும் ஈர விறகில் வருவது போன்ற வெள்ளைப் புகை எந்நேரமும் எழுந்துகொண்டிருந்தது. மழையில் நின்றாலும் அடங்கவில்லை. அக்கரப்பத்தனைக்கு மேலே இருக்கும் கருங்கொடித் தேயிலைத் தோட்டத்துக்கு முதல் சில வாரங்கள் பக்கத்துத் தோட்டத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு வெங்காய விலை ஏறியது. ஆட்கள் அதைப் பேசத் தொடங்கினார்கள்.

அண்ணனும் தம்பியும் மேற்கணக்கு லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரே அறையில் பிறந்தவர்கள். தாயும் தகப்பனும் அடுத்தடுத்த மழைக்காலங்களில் இறந்த பிறகு, தம்பி ஸ்டோர் என்று அவர்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடிக்கு வேலைக்குப் போனான். அண்ணன் ஹட்டனில் ஒரு வீடியோக் கடையில் சேர்ந்தான். கல்யாணம், சடங்கு, சாவு எல்லாவற்றையும் அவன்தான் படம் எடுத்தான். நோர்வூட் பக்கம் ஒரு சாவு வீட்டில் பாடையைத் தூக்கும் நேரத்தில் கமராவில் நாடா தீர்ந்துவிட்டது. மதுரன் புது நாடாவைப் போட்டுவிட்டுச் செத்தவரின் மனைவியிடம் போய், மிகவும் பணிவாக, "அக்கா, பதியல. இன்னொருக்கா அழுவுறீங்களா?" என்றான். பாடையை இறக்கி வைத்தார்கள். அவள் அழுதாள். மறுபடி தூக்கினார்கள். கசெட்டைப் பார்த்த வீட்டார், நேரில் அழுததைவிட இது நன்றாயிருக்கிறது என்று சொல்லி இரண்டு பிரதி கேட்டார்கள். எதையும் இன்னொரு தடவை எடுக்கலாம் என்கிற நம்பிக்கை மதுரனுக்கு அன்றைக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டுதான் சென்னைக்குப் போனான். உதவி இயக்குநர்களுக்கு உதவியாளனாக, பாய்கூட இல்லாத அறைகளில் படுத்துப் பல வருடம் கழித்தான். கடைசியில் ஒரு தயாரிப்பாளர் அவனுக்குப் பத்து நிமிடம் கொடுத்தார். அந்தப் பத்து நிமிடத்தில் அவன் சொன்னது தன் தோட்டத்தின் காமன் கூத்தை.

மலைத் தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். பொட்டலில் கம்பம் நட்டுக் காப்புக் கட்டுவார்கள். ஒருவனுக்கு மதன் வேஷம், இன்னொருவனுக்கு ரதி வேஷம். தவம் கலைந்த சிவன் மதனை எரிப்பார். ரதி மடியேந்தி அழுவாள். மூன்றாம் நாள் அதே கம்பத்தடியில் மதனை உயிர் எழுப்புவார்கள். உயிர் திரும்பும், ஆனால் மதன் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான் என்பது சிவன் தரும் வரம். அந்த வரத்தைப் பாட்டாகப் பாடி முடித்ததும் மதன் வேஷக்காரன் பூச்சைத் துடைத்துவிட்டு எல்லோரோடும் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பான். பாட்டில் என்ன சொல்லியிருக்கிறது என்று யாரும் யோசித்ததில்லை. ஆனால் எரித்தால் எழுப்ப வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எழுப்பும்வரை தோட்டத்தில் பெண் பார்க்கக்கூட யாரும் கிளம்புவதில்லை.

மதுரனின் படக்குழு வந்தது மாசியில் அல்ல, நடிகருக்குத் தேதி கிடைத்த மாதத்தில். இரவுக் காட்சியைப் பகலில் எடுத்தார்கள். நிறத்தைப் பிறகு கம்ப்யூட்டரில் மாற்றிக்கொள்வார்கள் என்றார்கள். மதனாகக் கஜேந்திரன் நின்றான். ரதியாக நடிக்க வேண்டிய நடிகை அட்டைப்பூச்சிக்குப் பயந்து நுவரெலியா ஹோட்டலை விட்டு வரவில்லை. அவள் முகத்தைச் சென்னையில் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, முதுகு மட்டும் தெரிய, கஜேந்திரனுக்குப் பேசி வைத்திருந்த சுதர்ஷினிக்கு ரதி வேஷம் கட்டினார்கள். சிவன் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பச்சைத் துணி தொங்கியது. சிவனையும் பிறகுதான் சேர்ப்பார்கள். பாட்டுக்கு ஆண்டியப்பன் வாத்தியாரை அழைத்திருந்தார்கள். தோட்டத்தில் கூத்துப் பழக்குகிறவர் அவர்தான். அவர் கஜேந்திரனுக்கு உண்மையாகவே காப்புக் கட்டி, உண்மையாகவே கம்பத்தைப் பூசை செய்து நட்டார். அவ்வளவு வேண்டாம் என்று ஒரு உதவி இயக்குநர் சொன்னபோது, "பாதி பாடத் தெரியாது தம்பி. பாடுனா முழுசாத்தான் வரும்" என்றார். பச்சைத் துணியின் பக்கம் நின்ற மதுரன் ஒலிபெருக்கியில், "எரி!" என்று கத்தினான். கம்பத்தைச் சுற்றியிருந்த வைக்கோல் பற்றியது. மதன் விழுந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். உடனே மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி வெளிச்சத்தை மூடியது.

"எரிச்சாச்சு. எழுப்புறது எப்ப?" என்று ஆண்டியப்பன் கேட்டார்.

"அது கதையில இல்லீங்க வாத்தியாரே. மதன் செத்துருவான். ஹீரோ வந்து பழிவாங்குவாரு."

"பழிவாங்குவாரா? சிவன் மேலயா? யாருப்பா அந்தப் பெரிய மனுசன்?"

குழுவினர் சிரித்தார்கள். மதுரனும் சிரித்தான். சரி, மூன்றாம் நாள் நாங்களே எழுப்பிக்கொள்கிறோம் என்று ஆண்டியப்பன் சொன்னார். அதற்கு மதுரன் தலையாட்டினான். ஆனால் நடிகையின் முகத்தை எடுக்கும்போது அதே கம்பம் பின்னால் நிற்க வேண்டும் என்று கலை இயக்குநர் அதைப் பிடுங்கி லொறியில் ஏற்றியிருந்தார். மூன்றாம் நாள் ஊர் கூடியபோது பொட்டலில் ஒரு குழிதான் இருந்தது. ஆட்கள் அந்தக் குழியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் நின்றார்கள். அப்போது கஜேந்திரனின் காதோரத்திலிருந்து முதல் புகை வந்தது. யாரோ அவனை சிகரெட்டை அணைக்கச் சொன்னார்கள். அவனுக்கு சிகரெட் பழக்கம் கிடையாது.

படம் வெளியானது. எரியும் காட்சி வந்தபோது தியேட்டர்களில் புகை மணந்தது. ஒரு ஊரில் தீயணைப்பு வண்டியே வந்தது. புகையை மணப்பதற்காக ஜனங்கள் இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் போனார்கள். எந்த நுட்பத்தால் இதைச் செய்தீர்கள் என்று நிருபர்கள் மதுரனைக் கேட்டார்கள். அவனுக்கும் தெரியாது. பத்திரிகைகள் அவனை அவர் என்று எழுதத் தொடங்கின. தோட்டத்தில் அவன் அவனாகவே இருந்தான். அந்தப் படத்தை அங்கே எரிஞ்ச படம் என்றுதான் சொல்வார்கள்.

அதே மாதம் கருங்கொடித் தேயிலையில் புகை மணக்கிறது என்று கொழும்பு ஏலத்தில் ஒதுக்கிவிட்டார்கள். தோட்டத்தை நடத்தும் துரை அடுப்பைப் பார்த்தார், புகைக்கூண்டைப் பார்த்தார், கடைசியில் மாடிக்கு ஏறி வந்து கஜேந்திரனைப் பார்த்தார். வாடப் போட்ட கொழுந்து எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். அன்றோடு அவனுக்கு ஸ்டோர் வேலை போனது. மலைக்கு அனுப்பினார்கள். அவன் நின்ற நிரையில் பறித்த கொழுந்தும் மணந்தது. பிறகு தோட்டத்தின் கடைசி ஓடைப் பக்கம் காட்டுப்பன்றி விரட்ட வைத்தார்கள். பன்றிகள் புகையைக் கண்டு தூரத்திலேயே திரும்பிவிட்டதால் அந்த வேலையும் இல்லாமல் போனது. இதற்கிடையில் அவனுக்கும் சுதர்ஷினிக்கும் கல்யாணம் நடந்தது. எழுப்பாத மதனுக்குப் பெண் கொடுப்பதா என்று அவள் வீட்டார் கேட்டார்கள். "வேஷம் கட்டி அழுதவ நானுதானே, வேற யாரு கட்டிக்குவா?" என்று சுதர்ஷினி சொல்லிவிட்டாள். நிலக்ஷி பிறந்தாள். பிள்ளைக்கு நடக்கும் முன்பே மூச்சிழுப்பு வந்தது. புகை உள்ள வீட்டில் இந்தப் பிள்ளையை வைத்திருக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சொன்ன டொக்டர் கஜேந்திரனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவன் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு, பாழாய்க் கிடந்த பழைய பிள்ளைக்காம்பராவுக்குப் போய்விட்டான். தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போன கட்டடம் அது. சுவரில் இன்னமும் ஒரு வாத்தும் ஒரு அன்னாசியும் வரையப்பட்டிருந்தன. சுதர்ஷினி சோறு கொண்டுபோய் வாசலில் வைப்பாள். நிலக்ஷி தகப்பனை எப்போதும் காற்று அடிக்கும் பக்கத்திலிருந்து, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள்.

மதுரனின் இரண்டாவது படத்தில் கதாநாயகன் இடைவேளைக்கு முன் செத்து, பிறகு எழுந்து வந்தான். மூன்றாவதில் இரண்டு தடவை எழுந்தான். அதற்குப் பிறகு எல்லாப் படத்திலும் யாராவது எழுந்தார்கள். சிதையிலிருந்து எழுந்தார்கள், கடலடியிலிருந்து எழுந்தார்கள், தூக்கிலிருந்து இறங்கி நடந்தார்கள். அதுதான் அவனுடைய பாணி என்று விமர்சகர்கள் எழுதினார்கள். அவன் தம்பியை எழுப்பப் பார்க்கிறான் என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. படம் வெளியாகும் வெள்ளிக்கிழமைகளில் கஜேந்திரனின் புகை மெலியும். ஒரு தடவை முதல் காட்சி நேரத்தில் முற்றாக நின்றதாகச் சொல்கிறார்கள். சுதர்ஷினி நிலக்ஷியைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு ஓடினாள். போய்ச் சேரும் முன் மறுபடி தொடங்கிவிட்டது. திங்கட்கிழமை வசூல் செய்தி வரும்போது பழையபடி முழுதாக இருக்கும்.

பெரிய இயக்குநரான பிறகு மதுரன் முதல் தடவை வந்தபோது, ஆண்டியப்பனுக்கு ஒரு சால்வையைப் போர்த்தி, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டான். ஆண்டியப்பன் சால்வையை மடித்துத் தொடையில் வைத்துக்கொண்டார். அழுத ரதி வேண்டும், அவள் இருக்கிறாள். பாட வேண்டியவன் வேண்டும், அதற்கு நானிருக்கிறேன். நட்ட கம்பம் வேண்டும். எரித்த சிவன் வேண்டும் என்றார்.

"சிவனுக்கு நடிச்சவரு இப்ப வேற கம்பெனியில..." என்று மதுரன் தொடங்கினான்.

"நடிச்சவன யாரு கேட்டா? எரின்னு கத்துனது யாரு? பச்சத் துணியா கத்துச்சு?"

 மதுரன் சென்னைக்குப் போய்க் கம்பத்தைத் தேடினான். கலை இயக்குநர் செத்திருந்தார், கிடங்கு கைமாறியிருந்தது. படத்தில் போர்க் காட்சிக்கு ஒரு பாலைவனம் நிறைய ஆட்களை வரவழைக்கத் தெரிந்தவனுக்கு ஒரு கம்பம் கிடைக்கவில்லை. நாட்டில் பெட்ரோல் இல்லாத வருடத்தில் மறுபடி வந்தான். ஹட்டனில் வாகனம் நின்றுவிட்டது. வரிசையில் நின்றவர்கள் அவனோடு படம் எடுத்துக்கொண்டார்கள், பெட்ரோல்தான் வரவில்லை. சந்தனத்தில் செதுக்கிய புதுக் கம்பம் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு, பாதி வழி பஸ்ஸிலும் மீதி நடந்தும் வந்து சேர்ந்தான். ஆண்டியப்பன் அதை முகர்ந்து பார்த்தார். "நல்ல வாசம். புதுக் கம்பம் நட்டா புது மதன்தான் எழும்புவான் தம்பி. ஒன்னோட தம்பி அங்கனயே இருப்பான்." மதுரன் பிள்ளைக்காம்பராவுக்குப் போய்த் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தான். இருவரும் வாத்தையும் அன்னாசியையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகை அண்ணனின் சட்டையில் ஏறியது. சென்னையில் எத்தனை தடவை துவைத்தும் அந்த மணம் போகவில்லை என்று பிறகு ஒரு பேட்டியில் சொன்னான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

கம்பத்தைக் கண்டுபிடித்தது சுதர்ஷினி. மதுரனின் கடைசியாக வந்த படத்தை நிலக்ஷியோடு போனில் பார்த்துக்கொண்டிருந்தவள், பாதியில் நிறுத்தி, அவனுக்குக் குரல் பதிந்து அனுப்பினாள். "அத்தான், அந்தத் தூக்குமரத்த நல்லாப் பாருங்க. நடுவுல ஒரு கணு, நாமம் மாதிரி. அன்னைக்கி அத நான்தான் கட்டிப்பிடிச்சு அழுதேன், கன்னத்துல குத்துச்சு. நம்ம கம்பம் ஒங்க படத்துலதான் நிக்கிது." மதுரன் தன் படங்களையெல்லாம் மறுபடி போட்டுப் பார்த்தான். இரண்டாவது படத்தில் அது கோயில் கொடிமரமாக இருந்தது. மூன்றாவதில் தெருவிளக்கு. பிறகு கப்பலின் பாய்மரம், பந்தல் கால், தந்திக் கம்பம். ஒவ்வொரு தடவையும் புதுப் பூச்சுப் பூசி அவன் கண்முன்னாலேயே நட்டிருக்கிறார்கள். எழுந்து வந்த எல்லாக் கதாநாயகர்களும் அதைத் தொட்டுக்கொண்டுதான் எழுந்திருக்கிறார்கள். அவன் மட்டும் பார்க்கவில்லை. பார்ப்பதுதான் அவன் தொழில்.

இந்த மாசியில் கம்பத்தோடு வந்தான். கமரா கொண்டுவரவில்லை. வர்ணத்தைச் சுரண்டியபோது உள்ளே கரி அப்படியே இருந்தது. ஆண்டியப்பனுக்குப் பல் எல்லாம் போயிருந்தது, பாட்டு போகவில்லை. கம்பத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, கஜேந்திரனையும் சுதர்ஷினியையும் மதுரனையும் உட்கார வைத்து, அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். "கூத்துல எரிஞ்சவன கூத்துல எழுப்புனா எல்லாரு கண்ணுக்கும் தெரிவான். இவன் நெசத்துல எரிஞ்சிட்டான். நெசத்துலதான் எழும்புவான். வரம் பாட்டுல எப்பிடி இருக்கோ அப்பிடித்தான் பலிக்கும்."

புரிய ஒருவருக்கும் நேரம் ஆகவில்லை. அப்படியானால் வேண்டாம் என்று மதுரன் உடனே சொன்னான். புகைந்தாலும் பார்க்கலாம், இந்தியாவில் நல்ல டொக்டர்கள் இருக்கிறார்கள், பிள்ளையை வேண்டுமானால் சென்னையில் படிக்க வைக்கலாம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனான். தயாரிப்பாளர்களிடம் பேசும்போதும் அப்படித்தான் பேசுவான்.

"அண்ணே," என்றான் கஜேந்திரன். "நான் புள்ளைய ஒருநாளும் தூக்கல."

சுதர்ஷினி எழுந்து முற்றத்துக்குப் போனாள். நிலக்ஷி அங்கே நின்றுகொண்டிருந்தாள். தாய் சொன்னதைக் கேட்டுவிட்டு, பிள்ளை கொஞ்சம் யோசித்தது. "அப்பா வூட்டுக்கு வருவாரா?" என்று கேட்டது. வருவார் என்றாள். "நான் பேசுனா கேக்குமா?" கேட்கும் என்றாள். "அப்ப சரி," என்றது பிள்ளை. அன்று பின்னேரம் முதல் தடவையாகக் காற்றைப் பார்க்காமல் தகப்பனுக்கு நேர் எதிரே போய் நின்று, இருமிக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தது. போகச் சொல்லியும் போகவில்லை.

அன்றிலிருந்து மூன்றாம் நாள் விடிந்ததும் தப்பு மேளச் சத்தத்தோடு பழைய குழியிலேயே கம்பத்தை நட்டார்கள். கஜேந்திரனை அதன் அடியில் படுக்க வைத்து வெள்ளைத் துணியால் மூடினார்கள். துணிக்கு மேலே புகை நேராக நின்றது. சுதர்ஷினி மடியேந்தி அழுதாள். இந்தத் தடவை அவளுக்குப் பாட்டு தேவைப்படவில்லை. ஆண்டியப்பன் பாடி, பாட்டு வரத்துக்கு வந்ததும் நிறுத்தினார். இனி சிவன் சொல்ல வேண்டும். மதுரன் வெள்ளைத் துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தான். மறுபடி சரிசெய்தான். தப்பு அடித்தவர்கள் கையைத் தூக்கியபடி நின்றார்கள். மலையில் பனிமூட்டம் இறங்கத் தொடங்கியது. வெளிச்சம் போகிறது என்று யாரும் சொல்லவில்லை. வெகுநேரத்துக்குப் பிறகு, ஒலிபெருக்கி இல்லாத குரலில், பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்கும்படி, "எழும்புடா" என்றான்.

புகை நின்றது. துணி தரையோடு தட்டையானது. சுதர்ஷினி கம்பத்துக்கு வலப்பக்கம் ஓர் ஆள் உயரத்தைப் பார்த்து, கையை நீட்டி எதையோ துடைத்தாள். நெற்றியில் ஒட்டிய சாம்பலாக இருக்கும். மதுரன் அவள் பார்த்த இடத்தையே பார்த்தான். பிறகு, பழக்கத்தில், மெதுவாக, "இன்னொருக்கா" என்றான். ஆண்டியப்பன் கம்பத்தை அசைத்துப் பிடுங்கத் தொடங்கியிருந்தார். ஆட்கள் தேத்தண்ணிக்கு உட்கார்ந்தார்கள்.

அதன் பிறகு நிலக்ஷிக்கு இழுப்பு வரவில்லை. கருங்கொடித் தேயிலை பழைய மணத்துக்குத் திரும்பியது. கஜேந்திரன் மறுபடி மலைக்குப் போகிறான். அவன் நிரையில் செடிகள் வரிசையாக அசையும், கூடை நிறையும். முதல் நாள் கணக்கப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "கொழுந்து தெரியுது, ஆளு தெரியல. அரைநாள் பேருதான் போடுவேன்." சுதர்ஷினி விடவில்லை. "நெறுத்துப் பாருங்க ஐயா. மத்தவங்க தெரிஞ்சிக்கிட்டே பாதிதான் பறிக்கிறாங்க." கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிறுத்துப் பார்த்துவிட்டு முழுநாள் பேர் போட்டார். ஹட்டன் பஸ்ஸில் அவள் மூன்று டிக்கெட் எடுக்கிறாள். கொண்டக்டர் முதலில் சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்தார், இப்போது கேட்பதில்லை. வீட்டில் நிலக்ஷி தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் உட்கார்ந்துகொண்டு பாடம் படிப்பதை லயத்துப் பெண்கள் பார்த்திருக்கிறார்கள்.

மதுரன் சென்னைக்குத் திரும்பும் நாளில் லயத்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அடுத்த படத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது, போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அதை எடுக்காமல் சுதர்ஷினியிடம் கேட்டான், "இப்ப எங்க இருக்கான்?"

"ஒங்க பக்கத்துலதான் அத்தான். ஒங்க சட்டைய மோந்து பாத்துச் சிரிக்கிறாங்க."

மதுரன் தம்பிக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

"அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம். இப்ப அவுங்க மேலயே உக்காந்துட்டீங்க."

அவன் எழுந்து மறு ஓரத்துக்குப் போனான். சுதர்ஷினி இரண்டு கோப்பைத் தேத்தண்ணி கொண்டுவந்து பெஞ்சில் வைத்தாள். இரண்டும் ஆறுவதற்குள் தீர்ந்தன.